மூணு இடத்தில் கேட்டுப் பார்

பாண்டுரங்கன் ரெண்டு பேராக ஆனது, திண்டிவனத்தில் பொழுதுக்கும் கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்த அந்த வருஷத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த செவிவழிக் கல்விச் சங்கத்தில், ஒரே நேரத்தில் ஏழு சிடி காப்பி எடுக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாண்டுரங்கன் மேல் தட்டில் மூலச் சிடியை வைத்துவிட்டு, விரலை எடுக்க மறந்து நின்றார். கரண்ட் போனது, வந்தது. வந்தபோது கீழே பாயில் இன்னொரு பாண்டுரங்கன் உட்கார்ந்து உறைக்குள் சிடி போட்டுக்கொண்டிருந்தார். அதே கட்டம் போட்ட சட்டை, புருவத்தில் அதே தழும்பு. ஆள் பத்தவில்லை என்று மாசக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்த சங்கத் தலைவர் ஆரோக்கியராஜ் தலையைத் தூக்கிப் பார்த்து, "நல்லதாப் போச்சுண்ணே. ரெண்டு பேருக்கும் டீ சொல்லட்டுமா?" என்றார். அவ்வளவுதான் நடந்தது. சம்பளம் இல்லாத வேலைக்கு ஒருத்தர் கூடுதலாக வந்தால் எவன் வேண்டாம் என்பான்?

சங்கத்தின் வேலை என்னவென்றால், பார்வை இல்லாத பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தை வாசித்துப் பதிவு பண்ணி, சிடியில் ஏற்றித் தபாலில் அனுப்புவது. அந்தத் தபாலுக்கு ஸ்டாம்பு தேவையில்லை, ஆனால் உறையை ஒட்டக் கூடாது, தபால் ஆபீஸில் திறந்து பார்ப்பார்கள். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு சிடியையும் தொடக்கத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், முடிவில் கொஞ்சம் என்று மூணு இடத்தில் கேட்டுப் பார்த்தாக வேண்டும். கீறல் இருந்தால் அந்த இடம் தாவும். பல்லு விளக்குகிற பேஸ்ட்டைத் தடவித் துடைத்தால் சிலது சரியாகும். மூலத்திலேயே கீறல் விழுந்திருந்தால் பேஸ்ட்டும் உதவாது, எத்தனை காப்பி எடுத்தாலும் அத்தனையும் அதே இடத்தில் தாவும். இது அங்கே பாயில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

பாண்டுரங்கன் பிரம்மதேசத்துக்காரர். சொந்தத்தில் கொஞ்சம் நிலம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுகிறவர். ஒரே மகள் கலைப்பிரியா. பிறவியிலேயே பார்வை கிடையாது, சங்கத்துச் சிடிகளைக் கேட்டே பிளஸ் டூ பாஸ் பண்ணிக் காலேஜில் சேர்ந்தவள். சேர்ந்த வருஷமே காய்ச்சல் வந்தது. பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். "காய்ச்சல் வுட்டுடுச்சு, நீ போய் மாட்டப் பாத்துட்டு, துணிமணி எடுத்துக்கினு காலைல வா" என்று மனைவி கெங்கம்மாளைப் பஸ் ஏற்றிவிட்டவர் பாண்டுரங்கன்தான். காலையில் அவள் துணிப்பையோடு வந்து இறங்கினபோது எல்லாம் முடிந்திருந்தது. கெங்கம்மாள் கேட்டது ஒரே கேள்வி. "கடைசியா இன்னா சொன்னா?"

பாண்டுரங்கன் பதில் சொல்லவில்லை. அழவும் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடித்த கையோடு, மகள் வைத்திருந்த சிடிகளைத் திருப்பிக் கொடுக்கத் திண்டிவனம் வந்தவர், பாயில் இடம் காலியாக இருப்பதைப் பார்த்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சாப்பாடு கொடுத்தால் சாப்பிட்டார், கொடுக்காவிட்டால் கேட்கவில்லை. ஒருநாள் சிடிப் பெட்டி காலில் விழுந்து கட்டைவிரல் நசுங்கிப் போனது. பாயில் ரத்தத்தைப் பார்த்து, "யாருக்கு அடிபட்டுச்சு?" என்று கேட்டவர் அவர்.

களை மண்டிக் கிடக்கிறது, வந்து பார் என்று ஊரிலிருந்து கெங்கம்மாள் சொல்லியனுப்பியபடியே இருந்தாள். பாண்டுரங்கனுக்குப் போக மனசில்லை. காப்பி வந்ததும் வசதியாயிற்று, அதைப் பஸ் ஏற்றி அனுப்பினார்.

கெங்கம்மாளிடம் அந்த ஜம்பம் பலிக்குமா? மகளோடு சங்கத்துக்கு எத்தனையோ தடவை வந்து, மூணு இடத்தில் கேட்கிற வேலையைத் தானும் பார்த்தவள் அவள். வந்தவரை வாசலிலேயே நிறுத்தினாள்.

"என்னப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு இன்னா கேட்ட?"

"மோரு கேட்டேன். உப்பு போடாம குடுத்த."

"கொழந்தைக்குக் கண்ணு தெரியலன்னு எப்படிக் கண்டுபுடிச்சோம்?"

"நீதான் கண்டுபுடிச்ச. வெளக்கக் காட்டுன, திரும்பல. வளையல ஆட்டுன, திரும்பினா."

"கடைசியா இன்னா சொன்னா?"

"நீ பஸ் ஏறிப் போன. அப்பறம் அவ... அப்பறம் வண்டியில ஏத்தினாங்க" என்றார் காப்பி. மறுபடி கேட்டாள். மறுபடியும் பஸ், உடனே பிணம் ஏற்றின வண்டி. நடுவில் ஒன்றுமில்லை. அதற்கு மேல் அந்த மனுஷன் வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். கெங்கம்மாளும் கூட உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துச் சோறு போட்டாள். மறுநாள் அவர் களை வெட்டப் போனார், அவள் திண்டிவனத்துக்குச் சொல்லியனுப்பினாள்: "இது தாவுது. வேற அனுப்பு."

அடுத்தடுத்த வருஷங்களில் சங்கம் வளர்ந்தது. ஒலக்கூர், கோட்டக்குப்பம் என்று ஆரம்பித்த தபால் மாவட்டம் தாண்டிப் போயிற்று. இன்னொரு மெஷின் வந்தது. விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஓர் அறை பிடித்து, ரயில் தபாலில் மூட்டை மூட்டையாக ஏற்றினார்கள். கரண்ட்டும் போய்ப் போய் வந்தது. உறை போட ஒரு பாண்டுரங்கன், விலாசம் எழுத ஒருவர், விழுப்புரத்தில் மூட்டை தூக்க ஒருவர். ஒவ்வொருவரும் உண்டானதும் ஒரு நடை பிரம்மதேசம் போய்விட்டு வந்தார்கள். எல்லோரும் மோரைச் சொன்னார்கள், வளையலைச் சொன்னார்கள், பஸ்ஸிலிருந்து வண்டிக்குத் தாவினார்கள். சிலர் அழுதார்கள். ஒருவர் பேசாமல் பாத்திரம் தேய்த்து வைத்துவிட்டு வந்தார். முதல் காப்பியை மட்டும் நிலத்துக்காக வைத்துக்கொண்டு, மற்றவர்களைக் கெங்கம்மாள் கட்டுச்சோறு கட்டித் திருப்பி அனுப்பினாள். திரும்பி வருகிறவர்களிடம் பாண்டுரங்கன், "நல்லாருக்காளா?" என்பார். "கேட்டுக்கினேதான் இருக்கா" என்பார்கள். அவர் உறையை எடுத்து மடிப்பார்.

பிறகு எல்லார் கையிலும் செல்போன் வந்தது. பாடம் போனிலேயே இறங்கியது, சிடி கேட்பாரில்லை. விழுப்புரம் அறையைக் காலி பண்ணினார்கள், மெஷின்கள் காயலான் கடைக்குப் போயின. காப்பிகள் அவரவர் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு போனார்கள். பாயைச் சுருட்டிவிட்டு ஆரோக்கியராஜ் எதிரில் வந்து நின்றார்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. காப்பி அத்தனையும் போய்ட்டு வந்துடுச்சு. இனிமே மூலந்தான் போவணும்."

"மூலத்துலதான் சார் கீறல்" என்றார் பாண்டுரங்கன். இருந்தாலும் பஸ் ஏறினார்.

கெங்கம்மாள் வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒருதடவை ஏற இறங்கப் பார்த்தாள். மோரைப் பற்றிக் கேட்கவில்லை.

"மொத ரெண்டும் எனக்கே தெரியும். முடிவ மட்டும் சொல்லு."

நின்றபடியே, பாடம் வாசிக்கிற மாதிரி சொன்னார் பாண்டுரங்கன். "நீ போனப்பறம் ஜுரம் ஏறிப்போச்சு. அம்மா எங்கன்னு கேட்டா. நான்தான உன்ன அனுப்புனேன், எப்படிச் சொல்றது? வந்துட்டா, பக்கத்துலதான் குந்திக்கினு இருக்கான்னேன். கண்ணு தெரியாதுல்லன்னு, என் கைய அவ கைக்குள்ள வச்சேன். தடவிப் பாத்தா. 'பொய் சொல்லாதப்பா. அம்மா வந்தா வளையல் சத்தம் கேக்கும்'னா. அதான். அப்பறம் ஒண்ணும் சொல்லல."

கெங்கம்மாள் மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டாள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். கண்ணாடி வளையல்கள் கலகலவென்று சத்தம் போட்டன. ஆட்டிக்கொண்டே இருந்தாள். "வந்துட்டேன்டி" என்றாள். "இதோ, அம்மா வந்துட்டேன்."

பாண்டுரங்கன் தன் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். என்றைக்கோ நசுங்கின கட்டைவிரல் அப்போதுதான் வலித்தது. ஐயோ, அம்மா என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். நிலத்திலிருந்து மம்மட்டியோடு வந்த முதல் காப்பி, கேள்வி கேட்காமல் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து அந்தக் காலில் ஊற்றினார். கெங்கம்மாள் மூன்று தட்டு எடுத்துப் போட்டாள்.

இப்போது இருவரும் அங்கேதான் இருக்கிறார்கள். ஒருவர் விந்தி விந்தி நடப்பார், அவர்தான் மூலம். ரேஷன் கடைக்கு யார் போனாலும் ஒரே கைரேகை, மெஷின் ஒத்துக்கொள்கிறது, அரிசி போடுகிறார்கள்.