தகட்டில் ஒரு ஓட்டை

காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தால், தெருவில் ஒரு ஜீப்பும் அதற்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களும். வலது பெருவிரலில் நகம் இல்லை. என் தம்பி செம்பியனுடைய கால். எட்டு மாத வயிற்றோடு எங்கே குனிவது? செருப்புக் காலாலேயே ஒரு தட்டுத் தட்டினேன்.

"எப்படா வந்த?"

"இப்பதான்க்கா. மாமா எழுந்துட்டாரா?"

வருஷம் ஒன்றாகப் போகிறது அவன் இந்த வாசலை மிதித்து. வந்தவன் 'எப்படிக்கா இருக்க' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, முகத்தைக்கூடக் காட்டவில்லை. எனக்குச் சுள்ளென்று வந்தது. "என்னப் பாக்க வந்தியா, மாமாவப் பாக்க வந்தியா?" என்றேன். "வண்டிக்குக் கீழ கல்லு படாம தகட்டுல கார்டு அடிக்கணும்" என்று ஜீப்பின் அடியிலிருந்து பதில் வந்தது.

எங்கள் வீடு கடலூரில், தேவனாம்பட்டினம் போகிற ரோட்டில் இருக்கிறது. வீட்டை ஒட்டியே என் வீட்டுக்காரர் இளவரசுவின் வெல்டிங் பட்டறை. படகுகளுக்குச் சுக்கான், எஞ்சின் ஸ்டாண்டு என்று எப்போதும் வேலை இருக்கும். தம்பி எங்கள் அம்மா ஊரில், கிள்ளைக்குப் பக்கத்தில், இந்தப் பழைய ஜீப்பில் இறால் குட்டைகளுக்குத் தீவன மூட்டை ஏற்றுகிறான். போன கார்த்திகையில் தலைப்பிரசவத்துக்கு நான் அம்மா வீட்டில் இருந்தேன். வலி எடுத்த அன்று அடைமழை. தம்பிதான் என்னை ஏற்றிக்கொண்டு சிதம்பரத்துக்குக் கிளம்பினான். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் கல் கிடந்ததை யார் கண்டது? டங்கென்று ஒரு சத்தம். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கிற ஆயில் சேம்பர் உடைந்து, எண்ணெய் அத்தனையும் தண்ணீரோடு போய், எஞ்சின் நின்றுவிட்டது. டிராக்டர் வந்து, என்னை மாற்றி ஏற்றி, சிதம்பரம் போய்ச் சேர்ந்தோம். குழந்தை அழவில்லை. பெண் குழந்தை. "துடிப்பு முன்னாடியே நின்னிருக்கும்மா, வண்டியால இல்ல" என்றார் டாக்டரம்மா. நான் நம்பினேன். நம்பாவிட்டால் சோறு இறங்காது. ஆம்பளைகள் இரண்டு பேரும் நம்பவில்லை.

இளவரசு அன்றைக்கு இங்கே கடலூரில் ஒரு படகு வேலையில் இருந்தார். மழை விட்டதும் வருகிறேன் என்று போனில் சொன்ன மனுஷன். தன் மேல் வந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் என் தம்பி தலையில் வைத்தார். இந்தத் தடவை பிரசவம் இங்கேதான் என்று சொல்லிவிட்டார். ஆட்டோ பிடித்தால் ஆஸ்பத்திரி. சரிதான், நானும் தலையாட்டினேன். ஆனால் நாளைக்கு இந்தப் பிள்ளையை யார் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது? தாய்மாமன் என்று ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அவனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நான் பிள்ளை பெற வேண்டுமா? ராத்திரி பகல் எனக்கு அந்த ஒரே நினைப்புதான்.

இளவரசு வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தார்.

"வேற பட்டறையே இல்லியா?" என்று ஜீப்பைப் பார்த்துக் கேட்டார்.

"இருக்குது மாமா."

"அப்பறம்?"

தம்பி ஊர்ந்து வெளியே வந்து, வண்டியிலிருந்து ஒரு தகட்டை இறக்கினான். குட்டை மதகில் கழற்றிப் போட்ட பழைய ஷட்டர் தகடு, நல்ல கனம். இளவரசு அதை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "கரண்டு வேணா எடுத்துக்க. மிஷினும் எடுத்துக்க. நான் கை வைக்க மாட்டேன்" என்று உள்ளே போய்விட்டார்.

"அக்கா, பெரிய அட்டை எதுனா இருக்குதா? அளவு வெட்டிக்கணும்."

பெரிய அட்டை என்று எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பரண் மேல். பிறக்கிறதுக்கு முன்னாடி தொட்டில் வாங்கக் கூடாதுடா என்று அம்மா தலைதலையாக அடித்துக்கொண்டும் கேட்காமல், சிதம்பரம் மேலவீதியில் இவன் வாங்கி வந்த இரும்புத் தொட்டிலின் பெட்டி. பிரிக்கவே இல்லை. வீட்டில் யாரும் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதும் இல்லை. "அத எறக்குங்க" என்று இளவரசுவிடம் சொன்னேன். என்னையே பார்த்தார். "எறக்குங்கன்றேன்ல" என்று அதட்டினேன். இறக்கினார். நானே பிரித்தேன். தொட்டில் குழாய்களைச் சுவரில் சாய்த்துவிட்டு அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அட்டையில் ஒரு குழந்தை பொக்கை வாயைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. தம்பி கையில் வாங்கியவன் அப்படியே நின்றான்.

"இது வேணாங்க்கா."

"அட்டை தானேடா. வெட்டு."

அந்த முகத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு வெட்டினான்.

பொழுதுக்கும் கட்டிங் மிஷின் அலறியது. எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. அடுப்பங்கரைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். வயிற்றுக்குள் இருப்பதும் என்னோடு சேர்ந்து புரண்டது. பட்டறைக்குள் இளவரசு ஒரு சுக்கானை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். அது நேற்றே முடிந்த வேலை. ராவுவதும், தெருவை எட்டிப் பார்ப்பதும், மறுபடி ராவுவதும். வலி எடுத்தால் என்னை ஏற்றிப் போகத்தான் இவன் வண்டியைத் தயார் பண்ணுகிறான். ஆட்டோவில் போய்ச் சேருகிற ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு கனத்தில் தகடு எதற்கு? மூன்று பேருக்கும் இது தெரியும். தெரிந்து என்ன பண்ண? நெத்திலிக் குழம்பு வைத்து, உள்ளே வந்து சாப்பிடுடா என்றேன். "கையெல்லாம் கிரீஸ்க்கா" என்று ஜீப் படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். கிரீஸ் என்ன கிரீஸ், அவனுக்கு வாசல்படி தாண்டப் பயம்.

சாயந்தரம் தகட்டை வளைத்து, போல்ட் மாட்டக் காது வைத்து, வண்டிக்கு அடியில் தூக்கப் போகிற நேரம். பட்டறையில் அரம் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"ஓட்ட எங்க?" என்றபடி இளவரசு வந்தார்.

"எதுக்கு மாமா ஓட்ட? தண்ணி, கல்லு எதுவும் உள்ள வரக் கூடாதுன்னுதான..."

"அடக் கூறு கெட்டவனே. ஆயில் கசிஞ்சா எங்க போவும்? தகட்டுலயே தங்கிடும். கீழ சொட்டாது, உனக்குத் தெரியவே தெரியாது. எல்லாம் நல்லா இருக்குதுன்னு நெனச்சிகினு போய்ட்டே இருப்ப. நடு ரோட்டுல ஆயில் இல்லாம எஞ்சின் புடிச்சிக்கினு நின்னுடும்."

காலையிலிருந்து நெற்றி வேர்வை நிலத்தில் விழ தான் செய்தது என்ன என்று அப்போதுதான் தம்பிக்கே தெரிந்தது. இளவரசு அவன் எதிரில் குந்தினார். சாக்பீஸை நீட்டினார்.

"அன்னைக்கு எங்க பட்டுது கல்லு?"

இத்தனை மாதத்தில் அவர் அதைக் கேட்டதில்லை. தம்பி தகட்டின் மேல் சின்னதாக ஒரு வட்டம் போட்டான்.

"இங்க மாமா. எறங்கித் தண்ணிக்குள்ள தடவிப் பாத்தேன். எண்ணெ கொழகொழன்னு கை மேலயே போச்சி. உள்ளங்கைய வச்சி அடச்சிப் புடிச்சிக்கினு இருந்தேன், டிராக்டர் வர்ற வரைக்கும். எஞ்சின் போச்சின்னு தெரியும் மாமா. தெரிஞ்சும் கைய எடுக்க மனசு வர்ல."

எனக்கு இது தெரியாது. வண்டிக்கு அடியில் கழுத்தளவு தண்ணீரில் அவன் படுத்துக் கிடந்த நேரத்தில், எங்கேடா போய்த் தொலைந்தாய் என்று மேலே சீட்டில் நான் கத்திக்கொண்டிருந்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே அழுதேன். யாரும் என்னைத் தேற்றவில்லை. இளவரசு மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்துபோய் டிரில்லிங் மிஷினை எடுத்து வந்தார்.

"தகட்ட அசையாம புடி மச்சான்" என்றார்.

அந்த வட்டத்திலேயே விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டார்கள். தகட்டை மாட்டி, மஞ்சக்குப்பம் வரைக்கும் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினார்கள். ஓட்டைக்கு நேர் கீழே ஒரு துண்டு அட்டையை இளவரசு தள்ளி வைத்தார்.

"காலைல பாப்பம். சொட்டு இருந்தா பிரிச்சி மறுபடி பாக்கணும்."

"நாளைக்குத் தீவனம் ஏத்தணும் மாமா."

"ஏத்துவ, ஏத்துவ. புள்ள பொறக்கட்டும். அது வரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும்."

"வண்டி மட்டுமா?" என்றேன் நான்.

"அத யாரு ஓட்டுறது, நானா?" என்று எரிந்து விழுந்தார். அவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது.

ராத்திரி மழை பெய்தது. காலையில் நான் கதவைத் திறந்தபோது இரண்டு பேரும் ஜீப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். அட்டையில் ஒரு ஈரப் பொட்டு. தம்பி முகத்தில் உயிர் இல்லை. இளவரசு அதைத் தொட்டு, மோந்து பார்த்து, "மழத் தண்ணிடா" என்றார். தம்பி நம்பவில்லை. மழைச் சேற்றில் மல்லாந்து வண்டிக்கு அடியில் போனான். ஓட்டைக்குள் விரலை விட்டுத் துழாவினான். வெளியே வந்து அந்த விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. பிறகு எழுந்து, சேற்றுக் காலோடு வாசல்படி ஏறி வந்து, அதை என் முகத்துக்கு நேராக நீட்டினான்.