இடித்த ஸ்டேஷனைக் கட்டிய கதை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையது, வெட்கமில்லை, கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஆரணிக்குள் ரயில் கிடையாது. எங்கள் ஸ்டேஷன் ஊர்ப் பெயரை மாட்டிக்கொண்டு ஊருக்கு வெகு தூரத்தில் நின்றது. எங்கள் தறிச் சத்தத்துக்குப் பயந்து வெள்ளைக்காரன் அங்கே போய்க் கட்டினான் என்பேன். (நம்ப வேண்டாம்.) அதனால் ரயிலேறப் போகிறவர்களை நாங்கள் பஸ் ஸ்டாண்டிலேயே வழியனுப்பிவிடுவோம். அழுவதையும் அங்கேயே முடித்துக்கொள்வோம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "செங்கல்லும் சுண்ணாம்புமாக, யானை படுத்துறங்கும் அகலத்தில் எழுப்பிய சுவர்களோடு அந்தக் கட்டடம்..."

வேண்டாம். கமலம் வரட்டும்.

கமலம் எங்கள் தெருவில் பட்டு நெய்கிறவள். மகன் ஜெயக்குமார் தொண்ணூற்றேழில் சூரத்துக்கு விசைத்தறி வேலைக்குப் போனான். பஸ் ஸ்டாண்டில் கையசைத்து அனுப்பினாள். வருஷம் திரும்புவதற்குள் அங்கே காய்ச்சலில் இறந்தான். கூட இருந்தவர்களே எரித்துவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து, நம் ஊர்ப் பக்கம் அவன் கடைசியாக உட்கார்ந்த இடத்தைப் பார்க்க வேண்டுமென்று பஸ்ஸேறிப் போனாள். அகல ரயில்பாதை போடுவதற்காகக் கட்டடத்தை இடித்து மண்ணை நிரவியிருந்தார்கள்.

நேரே என் வீட்டுக்கு வந்தாள். அந்த ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தே ரிட்டயர் ஆனவன் நான்.

3

எப்படி இருந்தது என்று கேட்டாள். கட்டத் தொடங்கினேன். முகப்பில் ஏழு வளைவுகள் வைத்தேன். (மூன்று.) அவற்றின் கீழே வழவழவென்று ஒரு கருங்கல் பெஞ்சு. வெயில் படுமா என்றாள். வெளியே நின்ற வேப்பமரத்தைப் பிடுங்கிப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நட்டேன். தண்ணீர் இருந்ததா என்றாள். குழாயில் பனிக்கட்டியே வரும் என்றேன். (காற்று வரும்.)

அவனைப் பார்த்தீர்களா என்று அவள் கேட்டபோது

இந்த வாக்கியத்தை எழுதி எழுதி அடித்தேன். எங்கள் டிக்கெட் ஜன்னல் ஓர் உள்ளங்கை நுழையும் அரைவட்டம். உள்ளேயிருந்து பார்த்தால் கைகள்தான் தெரியும். என் சர்வீஸ் முழுக்கக் கைகளுக்குத்தான் டிக்கெட் கொடுத்தேன்.

பார்த்தேன் என்றேன். சிரித்த முகம், மடிப்புக் கலையாத சட்டை, மடியில் புளிசாதப் பொட்டலம்...

"பொய் சொல்லிகினு இருக்கீங்க. தெரியுதுண்ணா," என்றாள் கமலம். "பரவால்ல, சொல்லுங்க. ஆனா நீங்க கட்ற ஸ்டேசன்ல அவன் ஒண்டியா குந்திகினு இருக்கான். பக்கத்துல யாரயாவது ஒக்கார வையுங்க."

4

முடிவு ஒன்று: நானே போய் உட்காருவது. வண்டி வரும் நேரத்தில் கவுண்டரை விட்டு நகர முடியாது.

முடிவு இரண்டு: படவேட்டுக் கோயிலிலிருந்து திரும்பும் ஒரு குடும்பம், சோற்று மூட்டையோடு. எழுதினேன். அவர்கள் சிரிக்கச் சிரிக்க அவன் இன்னும் தனியாகத் தெரிந்தான். அடித்துவிட்டேன்.

கட்டடம் எவ்வளவு பெரிதானாலும் கட்டிவிடுகிறேன். ஓர் ஆளை உட்கார வைக்க எனக்கு வரவில்லை. கமலம் எதிரே காத்திருக்கிறாள். வண்டி தாமதம் என்று பலகையில் எழுதிவிட்டேன். என்னால் ஆனது அதுதான்.

நீங்கள் படித்துக்கொண்டே இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். பையன் பக்கத்திலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து, உங்களுக்கு இடம் விடுகிறான்.