எறிக்கின் கையெழுத்து

"எறிக்" என்று சிவபாலன் கூப்பிட்டதும் நொயல் நிமிர்ந்தான். நாலு வருடமாக அந்தப் பெயருக்கு நிமிர்ந்து பழகிய முதுகு. கிரான்பர்னுக்கு அப்பால் உள்ள தோட்டத்தில் வெங்காயத்தாள் போன்ற லீக்ஸைப் பிடுங்கி, வேரை வெட்டி, தலையைச் சீவிப் பெட்டியில் அடுக்குவது அவன் வேலை. இந்த நாட்டில் குளிர்காலமான ஜூலையில் கையுறைக்குள் விரல் இருக்கிறதா என்று அடிக்கடி மடக்கிப் பார்க்க வேண்டும். அவனுடைய விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. அதனால் மனைவி றோசலினின் தம்பி எறிக்கின் பெயரிலும் வரி இலக்கத்திலும் சேர்ந்திருந்தான். குடியுரிமை பெற்ற எறிக், மனைவி அனோஜினியோடு ட்ருகனினாவில் இருந்து, அங்கே ஒரு கிடங்கில் சாமான் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். நொயலின் சம்பளம் எறிக்கின் கணக்குக்குத்தான் போகும். ஒரு சதம் குறையாமல் அன்றைக்கே அவன் நொயலுக்கு அனுப்பிவிடுவான். தோட்டத்தில் இது மேற்பார்வை பார்க்கும் சிவபாலனுக்கு மட்டும் தெரியும்.

கொரோனா வந்து சாப்பாட்டுக் கடைகள் பூட்டியதும் லீக்ஸ் வாங்க ஆளில்லை. முதலாளி பாதி வயலை அப்படியே உழுது மண்ணுக்குள் தள்ளினார். பிறகு, வேலையாட்களை நிறுத்தாமல் வைத்திருக்க அரசாங்கம் ஆளுக்கு இவ்வளவு என்று முதலாளிமாருக்கு உதவி அறிவித்தது. தோட்டங்களுக்கும் உண்டு. படிவம் வந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், நொயலும் எறிக் என்று போட்டான். போடாமல் நின்றால் ஏன் என்று கேட்பார்களே என்பதுதான் சிவபாலனின் அப்போதைய யோசனை. அதே கிழமை ட்ருகனினாக் கிடங்கில் எறிக்கும் அதே உதவிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தான்.

சிவபாலன் வரப்பில் நின்று ஒரு கடுதாசியை நீட்டினான்.

"உன்ர பேருக்கு ரெண்டு இடத்தில உதவி போகுதாம். வரி ஆபிசில இருந்து முதலாளிக்குக் கடிதம்."

"நீங்கள்தானே அண்ணை போடச் சொன்னனீங்கள்."

"சொன்னனான்தான். ஒரு ஆள் ரெண்டு பந்தியில குந்தேலாது எண்டு எனக்கென்ன தெரியும்? இதில ரெண்டு கட்டம் கிடக்கு. இந்தத் தோட்டம் எண்டு கீறினால் நீ வேலையில நிப்பாய். மற்ற இடம் எண்டு கீறினால், உதவி வராத ஆளை வச்சிருக்க ஏலாது எண்டு முதலாளி சொல்லிப்போட்டார். மத்தியானத்துக்குள்ள வேணுமாம்."

நொயல் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி எறிக்குக்குப் போன் எடுத்தான். நடந்ததைச் சொன்னான். எறிக்குக்குப் பின்னால் ஃபோர்க்லிஃப்ட் கீக்கீக் என்று கத்தியது.

"அப்ப எங்களில ஆர் எறிக் எண்டு கேக்கினம், என்ன அத்தான்?"

எறிக் சிரித்தான். நொயல் சிரிக்கவில்லை.

"மச்சான், நான் இங்க எண்டு கீறினால் உன்னை நிப்பாட்டுவினமோ?"

"போன கிழமை பதினொரு பேரை நிப்பாட்டினவை." குரல் இறங்கியது. "அனோஜினிக்கு இது ஏழாம் மாதம். நீங்கள் யோசிச்சுக் கீறுங்கோ. அக்காவுக்கு நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

என்ர பேரைத் திருப்பித் தா என்று எறிக் தூஷணத்தால் ஏசியிருந்தால் நொயலுக்கு வசதியாக இருந்திருக்கும். நொயலைப் போன்ற விசாக்காரருக்கு அரசாங்கத்தின் எந்த உதவியும் கிடையாது. வீட்டில் கோயில்காரர் தந்த பொதியில் அரை மூட்டை அரிசி இருந்தது. அடுத்த தோட்டத்துக்குப் போனாலும் ஒரு பெயர் வேண்டும்.

கடுதாசியை லீக்ஸ் பெட்டியின் மேல் வைத்தான். மற்ற இடம் என்ற கட்டத்தில் கோடு கீறினான். எறிக்கின் கையெழுத்தில் கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடு வரும். அதை எறிக்கை விட நேராக இழுத்தான்.

சிவபாலன் வாசித்து மடித்தான். "விசரன். கத்தியை வச்சிட்டுப் போ."

"வரிசை முடியேல்ல அண்ணை."

"அதை எறிக் வந்து முடிப்பான்."

கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு நொயல் வேலிப் படலையை நோக்கி நடந்தான். சப்பாத்தில் ஒட்டிய மண் ஒவ்வொரு அடிக்கும் பாரமானது. பின்னால் ட்ரக்டர் வந்து நின்றது. அதில் இருந்த, கூட வேலை செய்யும் வியட்நாம்காரனுக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. வெறும் பெட்டி ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "எறிக்" என்று கூப்பிட்டான்.

நொயலின் கால்கள் நின்றுவிட்டன.