ஒன்றரை ஷிப்டின் பத்தாவது பாட்டு

'ஒன்றரை ஷிப்ட்' என்ற ராக் இசைக்குழு கலைந்து ஆறு வருஷம் கழித்து, 2021ஆம் வருஷம் ஆனி மாதத்தில், அதன் முதல் ஆல்பம் திருப்பூர் நல்லூரில் வெளிவந்தது. குழுவில் இருந்த நால்வரும் அப்போது உயிரோடுதான் இருந்தார்கள். ஆனால் அந்த ஆல்பத்துக்காக ஒருவரும் பாடவில்லை, வாசிக்கவில்லை. அவர்களுக்குள் பேச்சே நின்றுபோயிருந்தது.

பனியன் கம்பெனிகளில் காலை எட்டரைக்கு உள்ளே போய் ராத்திரி எட்டரைக்கு வெளியே வந்தால் அதற்கு ஒன்றரை ஷிப்ட் என்று பெயர். நால்வரில் மூன்று பேர் வாரம் ஆறு நாளும் அப்படி உழைத்தவர்கள். சாத்தூர்ப் பக்கமிருந்து வந்த ஜோதிகா ஓவர்லாக் மெஷினில் தைத்தாள். பாட்டு எழுதிப் பாடினாள். தூத்துக்குடிப் பக்கத்து அந்தோணிராஜ் கட்டிங் மாஸ்டர். சர்ச்சில் கிதார் பழகியவன். உசிலம்பட்டிக் குணா சாயப்பட்டறையில் வேலை பார்த்தான், டிரம்ஸ் அடித்தான். நாலாவது ஆள் உள்ளூர்க்காரன், தமிழ்செல்வன். அவன் அப்பா சிவசுப்பிரமணியம் நல்லூரில் இருபது மெஷின் வைத்து நிட்டிங் யூனிட் நடத்தினார். தமிழ்செல்வன் கீபோர்டு வாசித்தான், பாடவும் செய்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் யூனிட்டின் மாடி அறையில், துணி ரோல்களுக்கு நடுவே நால்வரும் பயிற்சி எடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் ஒரு கல்லூரி விழாவிலும் நாலைந்து கம்பெனி ஆயுத பூஜைகளிலும் வாசித்தார்கள். ஒன்பது பாட்டு தயாரானதும் கோயம்புத்தூரில் ஒரு ஸ்டூடியோவில் நாள் குறித்தார்கள். 2015 ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அன்று காலை ஏழு மணிக்குத் தமிழ்செல்வன் வாத்தியங்களோடு வேனைக் கொண்டுவருவதாகப் பேச்சு. மற்ற மூவரும் பழைய பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார்கள். போன் அணைந்திருந்தது. பதினொரு மணிக்கு அந்தோணிராஜ் ஜோதிகாவைப் பார்த்து, நீதான் அவனிடம் ஏதோ பேசிக் கெடுத்துவிட்டாய் என்றான். பன்னிரண்டு மணிக்குக் குணா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்விட்டான். மறு வாரமே மாடி அறைக்குப் பூட்டு விழுந்தது. டிரம்ஸ் செட் பனியன் வேஸ்ட் மூட்டைகளோடு சேர்ந்து பழைய இரும்புக் கடைக்குப் போனது.

அதன் பிறகு அவரவர் பாட்டை அவரவரே பதிவு செய்தார்கள். தமிழ்செல்வன் அதே கோயம்புத்தூர் ஸ்டூடியோவில் கூலிக்கு ஆள் வைத்து நாலு பாட்டு போட்டான். சுத்தமாக இருந்தன, உயிர் இல்லை. ஜோதிகா மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி மாடிப்படியில் உட்கார்ந்து போனில் மூன்று பாட்டு பாடினாள். பின்னால் டிபன் பாக்ஸ் மூடும் சத்தம் கேட்கும். அந்தோணிராஜ் சர்ச் திருவிழாவில் தனியாக வாசித்த ஒரு கிதார் இசையை யாரோ படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். காலிச் சாயப் பீப்பாய்களில் குணா ஏழு நிமிஷம் அடித்ததை அவனோடு வேலை பார்த்தவர் போனில் எடுத்து இணையத்தில் ஏற்றினார். ஆக ஒன்பது.

இணையத்தில் அங்கங்கே கிடந்த இந்த ஒன்பதையும் ஒன்று சேர்த்தவள் அபிராமி. கணியூரைச் சேர்ந்தவள், ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். கல்லூரியில் படிக்கும்போது இந்தக் குழுவை ஒரே ஒரு தடவை கேட்டிருந்தாள். ஊரடங்கில் நல்லூர் வாடகை வீட்டில் தனியாக அடைபட்டுக் கிடந்தபோது, அவர்கள் பிரியாமல் இருந்திருந்தால் அந்த ஆல்பம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து, ஒன்பது பாட்டையும் வரிசைப்படுத்தி, மேலட்டை வரைந்து, பெயரும் எழுதினாள். போட்டுக் கேட்டாள். இரண்டாவது பாட்டு ஜோதிகாவுடையது. இரண்டாவது அடியில் டிரம்ஸ் உள்ளே வந்தது. வேறு ஏதோ ஓடுகிறது என்று நினைத்துப் போனை அலசிப் பார்த்தாள், ஒன்றும் ஓடவில்லை. சரணத்தில் கிதார் சேர்ந்தது. தனியாகப் போட்டால் மூன்று நிமிஷம் பன்னிரண்டு விநாடி ஓடும் பாட்டு, வரிசையில் போட்டால் நாலு நிமிஷம் நாற்பது விநாடி ஓடியது. தமிழ்செல்வனின் உயிரில்லாத நாலு பாட்டிலும் ஜோதிகா அவனுக்குப் பின்னால் நின்று பாடினாள். ஆறாவது பாட்டுக்கும் ஏழாவது பாட்டுக்கும் நடுவே நாலு பேரும் எதற்கோ சிரித்தார்கள். வரிசையில் ஒரு பாட்டை மாற்றி வைத்தாலும் எல்லாம் பழையபடி தனித்தனியாகிவிட்டது. சவுண்ட் இன்ஜினியர் ஒருவர் கேட்டுப் பார்த்து, பதிவில் குறை ஒன்றும் இல்லை, மிக்ஸிங் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்.

நூல் விலை கிலோவுக்குப் பதினைந்து ரூபாய் ஏறிய வாரத்தில், அபிராமி தெரிந்தவர்களுக்கு அனுப்பிய ஆல்பம் போன் போனாகப் பரவியது. தையல் யூனிட்களில் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே அதைப் போட்டார்கள். ஒடிசாப் பையன்கள் வார்த்தை புரியாமலே கூடப் பாடினார்கள். அந்தோணிராஜ் ஒரு பேக்கரியில் டீ குடிக்கும்போது அதைக் கேட்டான். தான் எங்கேயும் வாசிக்காத சங்கதிகள் தன் கையிலிருந்து வருவதைக் கேட்டதும், தமிழ்செல்வன் தன் வாசிப்பைத் திருடிவிட்டான் என்று முடிவு கட்டி யூனிட் வாசலில் போய்க் கத்தினான். தமிழ்செல்வன் இது ஜோதிகாவின் வேலை என்றான். ஜோதிகா, யார் கேட்டாலும், "அது நான் இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

அபிராமிக்குத் தன்னால் வந்த வினை என்று பட்டது. நால்வரையும் அலைந்து சமாதானப்படுத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தன் வீட்டுக்கு வரவைத்தாள். வாத்தியங்களும் வந்தன, டிரம்ஸ் செட் மட்டும் வாடகைக்கு. முதல் பாட்டை ஆரம்பித்தார்கள். நாலு வரி தாண்டவில்லை. குணாவின் அடி முன்னால் ஓடியது, கிதார் பின்தங்கியது, இருவரும் முறைத்துக்கொண்டார்கள். அப்போது ஜோதிகா கேட்டாள்.

"அன்னைக்கு ஏன் வரல நீங்க?"

அவள் அவனை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை. தமிழ்செல்வன் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வண்டி பஞ்சர் ஆகிப்போச்சுங்க."

ஆறு வருஷம் கழித்து வந்த பதில் அது. குணா எழுந்து செருப்பைத் தேடினான். ஜோதிகா பையை எடுத்துக்கொண்டாள். அபிராமி ஊற்றி வைத்த காபியை யாரும் தொடவில்லை.

அடுத்த வாரம் ஆல்பத்தில் பத்தாவது பாட்டு இருந்தது. யாரும் சேர்க்கவில்லை. யார் யார் போனில் ஆல்பம் இருந்ததோ அத்தனை போனிலும் அது வந்திருந்தது. பாட்டு தொடங்குமுன் பேச்சு கேட்டது. தமிழ்செல்வனின் குரல்: "பஞ்சரெல்லாம் இல்ல ஜோதி. சாவியக் கையில வெச்சுட்டு மத்தியானம் வரைக்கும் வண்டிக்குள்ளயே உக்காந்திருந்தேன். 'அவிய மூணு பேரையும் நம்மூட்டு வண்டில ஏத்தீட்டுப் போனா நாலு பேரு என்ன கண்ணு நெனைப்பாங்க'ன்னு அப்பா கேட்டாரு. அவ்வளவுதான் கேட்டாரு. எனக்கு எறங்கி கேட்டைத் தொறக்கத் தைரியமில்ல." பிறகு ஜோதிகாவின் குரல்: "தெரியும்டா. விடு. ஆரம்பி." குணா குச்சியைத் தட்டி நாலு எண்ணினான். நால்வரும் வாசித்ததிலேயே மிகச் சிறந்த பாட்டு அதுதான் என்பதில் இன்றுவரை ஊரில் இரண்டு கருத்து இல்லை.

சிவசுப்பிரமணியம் அதைத் தன் யூனிட் ஸ்பீக்கரிலேயே கேட்டார். ஆபரேட்டர்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர் வீட்டில் மகனோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவில்லை. தமிழ்செல்வன் மூன்று நாள் பொறுத்து, ஜோதிகா வேலை பார்க்கும் கம்பெனி கேட்டில் சாப்பாட்டு மணிக்குப் போய் நின்றான். அந்த வார்த்தைகளைத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தான்.

"ஜோதி, ஒரு வார்த்தை..."

"அதான் சொல்லிட்டீங்களே சார். ஊரே கேட்டாச்சு."

"அதைச் சொன்னது நான் இல்லீங்க. இப்பத்தான் சொல்ல வந்திருக்கேன்."

"மன்னிச்சதும் நான் இல்ல," என்றாள் ஜோதிகா. டிபன் பாக்ஸோடு உள்ளே போய்விட்டாள். வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார். அவன் தயாராக வைத்திருந்த வார்த்தைகளுக்கு அதற்குப் பிறகு தேவை இருக்கவில்லை.

மறு வருஷம் மாசியில், கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த குணா நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தான். சுடுகாட்டில் மற்ற மூவரும் மூன்று இடத்தில் நின்றார்கள். பதினோராவது பாட்டு பங்குனியில் வந்தது. அதில் டிரம்ஸ் முன்பைவிட வேகமாக இருந்தது. குணாவின் மனைவி கருத்தம்மா அபிராமியைத் தேடி வந்து, முழு ஆல்பத்தையும் போடச் சொல்லித் தரையில் உட்கார்ந்து கேட்டாள். ஆறாவது பாட்டு முடிந்து சிரிப்பு வந்தபோது நிறுத்தச் சொன்னாள். திரும்பப் போடச் சொன்னாள். மறுபடியும் போடச் சொன்னாள்.

"பதினேழு வருசம் எங்கூடக் குடும்பம் நடத்துனாரும்மா. இந்தச் சிரிப்ப நான் கேட்டதே இல்ல. இத எங்க வச்சிருந்தாரு?"

தன் போனிலிருந்து ஆல்பத்தை அபிராமி அன்றே அழித்தாள். மற்றவர்கள் போனில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு வருஷத்துக்கு ஆறேழு பாட்டு என்று வந்தது. 2024இல் இரண்டாவது ஆல்பம் தொடங்கியது. அந்தோணிராஜ் கிதாரை விற்றுவிட்டான். தன்னைவிட நன்றாக வாசிக்கிறவன் ஒருவன் தன் பெயரில் இருக்கும்போது தனக்கு அது எதற்கு என்றான். தமிழ்செல்வன் யூனிட்டில் ஸ்பீக்கரைக் கழற்றினான்; ஆபரேட்டர்கள் இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்கள். பாட்டுகளில் நால்வருக்கும் வயதாகிக்கொண்டு வந்தது. ஜோதிகாவின் குரல் கனத்து அழகாகியது. சில பாட்டுகளுக்கு முன்னால் அவர்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டார்கள். குணா தன் பெண்ணை நர்சிங் சேர்க்கப் போவதாகச் சொன்னான். கருத்தம்மா அந்த வருஷமே பெண்ணை நர்சிங்கில் சேர்த்தாள்.

போன ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, ஜோதிகாவின் லைனில் சூப்பர்வைசர் தங்கராஜ் வந்து நின்றார். ஸ்பீக்கரில் புதுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குணா இறந்தபோது மாலை வாங்கிப் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

"பாட்டு நல்லா வந்திருக்குதுங்க ஜோதிகா. எப்பப் பாடுனீங்க?"

ஜோதிகா மெஷினை நிறுத்தினாள். துணியை ஊசியிலிருந்து எடுத்து, ஓரம் சரியாக விழுந்திருக்கிறதா என்று விரலால் நீவிப் பார்த்தாள்.

"நேத்துத்தாண்ணே," என்றாள். "நாலு பேரும் வந்திருந்தோம்."

தங்கராஜ் தலையாட்டிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போனார்.