தசரதன் தின்னாத காளான்

"சாரோட நுரையீரல்ல காளான் முளைச்சிருக்கும்மா."

தாம்பரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அபிகாயில் இதைச் சொன்ன நேரம் பார்த்து தசரதனுக்கு இருமல் பிடுங்கியது. அவருக்குப் பாதிதான் காதில் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பச்சையம்மாவுக்கு முழுசாக விழுந்தது. அதுதான் வினை.

"காளானா!" பச்சையம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "எனக்கு அப்பவே தெரியும் டாக்டர். வாக்கிங் போறேன், வாக்கிங் போறேன்னு ஊரப்பாக்கத்துலேர்ந்து ஸ்கூட்டர்ல கிளம்புவாரு. ஸ்கூட்டர்ல யாராவது வாக்கிங் போவாங்களா? கூடுவாஞ்சேரியில காளான் வண்டி பக்கத்துல அந்த ஸ்கூட்டர் நின்னுகினு இருந்ததை என் தங்கச்சி கண்ணால பாத்திருக்கா!"

நிலக்கடலை போட்ட நிலத்தை மனையாக்கி விற்ற ஆள் தசரதன். பத்திர ஆபீஸில் கூட அவருக்கு வேர்த்ததில்லை. இப்போது வேர்த்தது.

காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய இரண்டு கிட்னியும் கையை விரித்தபோது, தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தவள் பச்சையம்மா. கொடுத்தாளே தவிர, உரிமையை விடவில்லை. காலையில் எழுந்ததும் முதல் கேள்வி, "என் கிட்னி எப்படிக் கீது?" அப்புறம்தான் அவரைப் பற்றி.

வெளிச் சாப்பாடு கூடாது என்பது அவள் போட்ட சட்டம். ஆனால் அதைவிடப் பெரிய சட்டம் ஒன்றை தசரதன் மீறியிருந்தார். கொலைக் கேஸில் மாட்டப்போகிறவன் பிக்பாக்கெட் கேஸை ஒப்புக்கொள்வதில்லையா? தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா பச்ச. தின்னுட்டேன். அரை பிளேட்டு."

"கேட்டீங்களா டாக்டர்!"

டாக்டர் அபிகாயில் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த வண்டிக் காளானா? நானும் சாப்பிட்டிருக்கேன். அதுல காளானே கிடையாதும்மா. மொத்தமும் முட்டைக்கோஸ்."

தசரதனின் வாக்குமூலம் அந்த இடத்திலேயே செத்தது.

"திங்கற காளான் வேற, இது வேற. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை. மூச்சுல உள்ள போறது. நமக்குன்னா உடம்புல இருக்கற போலீஸ் அடிச்சுத் துரத்திடும். சாருக்கு அந்தப் போலீஸை நாமதான் மாத்திரை குடுத்துத் தூங்க வெச்சிருக்கோம். இல்லன்னா புதுக் கிட்னியை யாரோ அன்னியன்னு நினைச்சு அடிச்சிடும்."

"யாரு அன்னியன்? என் கிட்னியா?" பச்சையம்மாவுக்கு அது தன்மானப் பிரச்சினை.

டாக்டர் தசரதன் பக்கம் திரும்பினார். "தூசி, இடிஞ்ச கட்டடம், கோழி, புறா... எதுலயாவது புழங்கினீங்களா?"

தசரதன் இருமினார். இந்தத் தடவை நடிப்பு.

"புறாவா? அதெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாடியே குன்றத்தூர் ஆளு ஒருத்தனுக்கு வித்தாச்சு," என்றாள் பச்சையம்மா. "புறா ஆகாதுன்னு கிட்னி வெச்ச பெரிய டாக்டர் சொன்ன அன்னிக்கே கூண்டைப் பிரிச்சு எரிச்சேன்."

"அப்ப இது வேற ஜாதிக் காளானா இருக்கலாம். டெஸ்ட் ரிசல்ட் வர வரைக்கும் அதுக்கான மருந்தையே ஆரம்பிச்சிடறேன்." டாக்டர் எழுதத் தொடங்கினார்.

"ஜாதி தப்பா இருந்தா?" என்றார் தசரதன்.

"மருந்து வேலை செய்யாது. மூளைக்கு ஏறும். அப்புறம் போடற மருந்தைக் கிட்னி தாங்குமான்னு உறுதி சொல்ல மாட்டேன்."

பேனா ஓடிக்கொண்டிருந்தது. தசரதன் பச்சையம்மாவைப் பார்த்தார். அவள் கை, தழும்பு இருந்த இடுப்புப் பக்கம் தானாகப் போயிருந்தது.

"எழுதாதீங்க டாக்டர்! தினமும் நான் ராணியைப் பாக்கத்தான் போறேன்."

பேனா நின்றது.

"எவ அவ?" என்றாள் பச்சையம்மா, மிக மெதுவாக.

"கூடுவாஞ்சேரியில, காளான் வண்டிக்குப் பின்னாடி, நம்ம கூட்டாளி கேசவன் வூட்டு மொட்டை மாடியில..."

"கேசவன் அண்ணனுக்குத் தெரிஞ்சா நடக்குது?"

"புறாடி! ராணி புறா! ஒண்ணைக்கூட நான் விக்கல. எல்லாம் அங்கதான் கீது. கூண்டைத் தொறக்கவே மாட்டோம். உள்ள போய் எச்சத்தைப் பெருக்கறது நான்தான்."

"காய்ஞ்ச எச்சம். மூடின கூண்டு," டாக்டர் பல்லைக் கடித்தார். "மாஸ்க்காவது போட்டீங்களா?"

"ராணிக்கு அடையாளம் தெரியாது டாக்டர்."

டாக்டர் எழுதியதைக் கிழித்துப் போட்டார்.

ரத்த டெஸ்ட் புறாவைக் காட்டிக்கொடுத்தது. மூளைக்கு ஏறியிருக்கிறதா என்று முதுகில் ஊசி குத்தித் தண்ணீர் எடுத்துப் பார்த்தார்கள். ஏறவில்லை. மருந்து மாறியது. காய்ச்சல் இறங்கியது. இனி மாசக்கணக்கில் மாத்திரை.

அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே பச்சையம்மா கேசவனுக்கு போன் போட்டாள். "கூண்டைத் தொறந்து வுடுண்ணா. எங்கனா போய்த் தொலையட்டும்." அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வீடு திரும்பிய அன்று கார் ஊரப்பாக்கம் தெருவில் திரும்பியதும் தசரதன் அண்ணாந்து பார்த்தார். மாடிக் கைப்பிடிச் சுவர், தண்ணீர் டேங்க், டிஷ் ஆன்டெனா என்று ஓர் இடம் பாக்கியில்லை. அத்தனையும் வந்து உட்கார்ந்திருந்தன.

பச்சையம்மா அவரை அறைக்குள் தள்ளி, ஜன்னலை அடைத்து, மூச்சு வாங்கினாள். "இன்னாய்யா இது? அதுங்களுக்கு எப்படி வூடு தெரிஞ்சுது?"

"இங்க பொறந்ததுங்க. தொறந்தா நேரா இங்கதான் வரும். அதான் பூட்டி வெச்சு..."

"அதான் பூட்டி வெச்சு, உள்ள பூந்து, என் கிட்னிக்கு உலை வெச்சியா!"

ஜன்னல் கண்ணாடியில் டொக் டொக் என்று சத்தம். வெளியே சாம்பல் நிறத்தில் ஒன்று, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தது. காலில் தசரதன் மாட்டிய செப்பு வளையம் மின்னியது. தசரதனின் கை தாழ்ப்பாள் வரை போனது. அங்கேயே நின்றது. திரும்பி வந்து, திரைச்சீலையை இழுத்து மூடியது.

"நாளைக்கே ஆளை வரச்சொல்லு பச்ச. எல்லாத்தையும் புடிச்சு எடுத்துக்கினு போவட்டும்."

"ராணியும்தான?"

"ராணியும்தான்."

பச்சையம்மா திரையை ஒரு விரல் அகலம் விலக்கி, அந்தச் செப்பு வளையத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என் கிட்னி உனக்கு. வளையல் அவளுக்கு. இன்னா நியாயம்யா இது?"