மடங்காத விரல்கள்

18 ஆகஸ்ட் 1985, ஞாயிறு

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். காப்பார் பட்டணத்துக் கடையில் வீடியோ கேசட் வாடகைக்கு எடுத்தபோது உறையைத் திறந்து பார்க்கவில்லை. உறையில் தமிழ்க் குடும்பப் படம். உள்ளே இருந்தது வேறு. கையுறைகளில் ஓட்டை தேடுவதுதான் எனக்கு வேலை, ஆனாலும் பார்க்கவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிப் பழகச் சொல்கிறார் மாலை வகுப்பு ஆசிரியர். எழுதுகிறேன்.

கேசட் ரமணிக்காக எடுத்தது. மேரு ஊரில் இருக்கும் எங்கள் கையுறைத் தொழிற்சாலையில் மூன்று வருடம் என் பக்கத்து மேசையில் இருந்தவள். ஏப்ரலில், ஆள் குறைவான ஒரு நாள், அவளைக் கையுறை வார்க்கும் அச்சுகள் ஓடும் சங்கிலிப் பக்கம் அனுப்பினார்கள். சங்கிலியில் சிக்கி வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. அதன் பிறகு அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அந்தக் கையை எப்போதும் ஒரு துண்டால் மூடிக்கொள்கிறாள். பழைய மேசை வேலையையே தருகிறோம் என்று நிர்வாகம் கடிதம் போட்டும் அவள் பதில் எழுதவில்லை. நாளையோடு கெடு முடிகிறது. பிறகு வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். மேற்பார்வையாளர் தம்புசாமி கடிதத்தின் இன்னொரு பிரதியை நேற்று என்னிடம் கொடுத்தார். படம் பார்த்து அவள் கொஞ்சம் சிரித்த பிறகு பேச்சை எடுக்கலாம் என்பது என் திட்டம்.

ரமணி வீட்டில் படம் தொடங்கியது. ஓர் ஏரி. வானத்திலிருந்து நூல் கட்டிய பறக்கும் தட்டு ஒன்று ஆடி ஆடி இறங்கியது. அதிலிருந்து பச்சை உருவம் ஒன்று வந்தது.

“என்ன புள்ள, நம்ம படம்னு சொன்னே?” என்றார் ரமணியின் அம்மா இராஜம்மா.

“கடையில மாத்தி வச்சிட்டாங்க போல ஆன்டி. நிறுத்திடுறேன்.”

“இரு லா,” என்றாள் ரமணி. “பிசாசுக்கு முதுகுல ஜிப்பு தெரியுது பாரு.”

“தைச்சவன் பாதியில சாப்பிடப் போயிட்டான் போல,” என்றார் இராஜம்மா.

ரமணி சிரித்தாள். நான்கு மாதத்தில் முதல் முறை.

“கையைப் பாரு புஷ்பா. பாத்திரம் கழுவுற கையுறை. ஓரத்துச் சுருளைக்கூட வெட்டாம பச்சை அடிச்சிருக்கான்.”

“நம்ம மேசைக்கு வந்தா?”

“நேரா ரிஜெக்ட் பெட்டிதான்.”

இதுதான் சமயம் என்று நினைத்தேன். அப்போது திரையில் ஒரு விஞ்ஞானி கோடரியை எடுத்து அந்த உருவத்தின் வலது கையை வெட்டினான். நான் பதறி எழுந்து பொத்தானை அழுத்தப் போனேன்.

“உட்காரு,” என்றாள் ரமணி. குரல் மாறியிருந்தது.

கை இழந்த உருவம் ஏரிக்கரைக்குத் திரும்பியது. தட்டின் கதவைத் திறக்க வலது கையை நீட்டியது. தோள் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு உடம்பு முழுவதையும் திருப்பி இடது கையால் திறந்தது. அந்த இடத்தில் இசைகூட இல்லை. ரமணி திருப்பிப் போடச் சொன்னாள். மூன்று முறை பார்த்தோம்.

“இதுல நடிக்கிற ஆளுக்கு நிஜமாவே கை இல்ல.”

“படம்தானே ரமணி. ஏதாவது வித்தை பண்ணியிருப்பாங்க.”

“நூலை மறைக்கத் தெரியல, இவங்க வித்தை பண்ணுவாங்களா? ஆரம்பத்துல பாரு. வலது கையில ஒரு விரல்கூட மடங்கல. உள்ள கை இருந்தா மடிப்புல சுருக்கம் விழும். அது பஞ்சு. நீ கவனிக்கலையா?”

முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். இடது கையில் சுருக்கங்கள் இருந்தன. வலது கையில் ஐந்து விரலும் விறைத்தபடி நின்றன. நான் ஓரத்தைப் பார்த்தேன், சாயத்தைப் பார்த்தேன். உள்ளே கை இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

“விரல விடு. அந்தக் கதவு,” என்றாள். “முதல்ல இல்லாத கைதான் போகும். அப்புறம்தான் ஞாபகம் வரும். எனக்கும் தினம் அப்படித்தான். கப்பு, சீப்பு, கதவு. இத யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது.”

இராஜம்மா திரையைப் பார்க்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச நினைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் எனக்கு மறந்துவிட்டன. வித்தைக்கு ஆகும் செலவைக் குறைக்கத்தான் கையில்லாத அந்த நடிகரைக் கூப்பிட்டார்களோ என்னவோ. ஆனால் அந்த மோசமான படத்தில் அவர் கதவருகே நின்ற நேரம் மட்டும் எனக்கு அது படம் என்பது நினைவில்லை.

“வேலைக்கு வந்தா எல்லாரும் இந்தக் கையையேதான் பார்ப்பாங்க,” என்றாள் ரமணி. பிறகு திரையைக் காட்டி, “இவரை எத்தனை ஊர்ல பார்த்திருப்பாங்க?” என்றாள்.

என் கை மறுபடி பைக்குப் போனது.

“கடுதாசி பையிலதானே இருக்கு? எடு. வந்ததுலேர்ந்து பையையே தடவிக்கிட்டு இருக்கே.”

எடுத்துக் கொடுத்தேன். அவள் துண்டை நாற்காலியில் போட்டாள். குறைந்த வலது கையால் காகிதத்தை மேசையில் அழுத்திக்கொண்டு இடது கையால் கையெழுத்திட்டாள். எழுத்துகள் கோணலாக வந்தன. இரண்டாவது எழுத்தில் பேனா நழுவியது. நான் பிடிக்கப் போகவில்லை.

“ஒண்ணு எழுதிக்கோ. ஓட்டை பார்க்கக் காத்து அடிக்கிற குழாய் மேசைக்கு வலது பக்கம் இருக்கு. என்னால எட்டி மாட்ட முடியாது. இடது பக்கம் மாத்தணும். மாத்தலைன்னா வர மாட்டேன்னு சொல்லிடு.”

அதைக் கடிதத்தின் அடியில் ஆங்கிலத்தில் எழுதினேன். இலக்கணம் சரியா என்று தெரியவில்லை. பொருள் புரியும் என்று நினைக்கிறேன்.

நாளை: ஏழு மணிக்கு முன்பே தொழிற்சாலைக்குப் போய்த் தம்புசாமியிடம் கடிதத்தைக் கொடுக்க வேண்டும், குழாயை என்றைக்கு மாற்றுவார்கள் என்று கேட்டு, தேதியை எழுதி வாங்க வேண்டும்.