வெள்ளைத் தக்கை

அன்றைக்கு அசோகனுக்கு இருந்த அலுப்பில் நேராக வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்க வேண்டும். கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் கேட்டுக்கு அவன் காவல். காலையிலிருந்து திறந்து மூடி, மூடித் திறந்து, கால் இரண்டும் அவனுடையவை என்ற நினைப்பே போயிருந்தது. உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்திருந்தார்கள். உட்காரத்தான் யாரும் விடுவதில்லை. இருந்தாலும் பள்ளி விட்டதும் சேரனுடைய வேனில் ஏறிக்கொண்டான்.

சேரன் அந்தப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன்காரன், அசோகனுக்குச் சின்ன வயதிலிருந்தே சிநேகிதன். கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு, பட்டினப்பாக்கத்தில் வேனை நிறுத்திவிட்டு, அடையாறு கடலில் சேரும் இடத்தில் தூண்டில் போடுவதாக ஏற்பாடு. மடவை மீன் ஆற்றில் ஏறுகிற பருவம். ஆனால் அசோகனுக்கு மீன் ஒரு சாக்குதான். சேரனிடம் ஒன்று கேட்டாக வேண்டும். 

காலையில் வேன் கேட்டுக்குள் நுழையும்போது, யூ.கே.ஜி. பெண் ஒன்று உருண்டுபோன தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தது. சேரன் பிரேக்கைத் தொடவில்லை. அசோகன் பாய்ந்து, முதுகுப்பையோடு சேர்த்துக் குழந்தையை இழுத்துவிட்டான். பாட்டில் சக்கரத்தடியில் சப்பையானது, குழந்தை அழுதபடி உள்ளே ஓடிவிட்டது. இறங்கி வந்த சேரன், "இன்னா மச்சி, கேட்டாண்ட கல்லு கில்லு போட்டு வெச்சிகிறியா? டயரு ஏறுது" என்றான். கலாய்க்கிறான் என்றுதான் அசோகன் நினைத்தான். முகத்தைப் பார்த்தான், கலாய்க்கிற முகம் இல்லை. சத்தம் கேட்டு வெளியே வந்த தலைமையாசிரியை ஷீலா மேடத்திடம், குழந்தை கால் தடுக்கி விழுந்துவிட்டது என்று அசோகன் சொல்லி வைத்தான். சொன்ன வாயை அப்புறம் கழுவியும் பார்த்துவிட்டான், கசப்பு போகவில்லை.

வேனில் வரும்போதும் கவனித்துக்கொண்டே வந்தான். சேரன் ஒரு மாநகரப் பேருந்தின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு ஓட்டினான். அது நின்றால் இவனும் நின்றான், நகர்ந்தால் நகர்ந்தான். காலியாக இடம் இருந்தும் முந்தவில்லை. ஒரு காலத்தில் ஆட்டோக்காரர்களையே அழவிட்ட ஆள் அவன்.

ஆற்றுமுகத்தில் கடல் பொங்கி ஏத்தத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. குப்பையும் கூடவே வந்தது. இருவரும் பிறந்து வளர்ந்த கரை. குடிசைகளை எடுத்தபோது சேரனை நகருக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள்; அசோகன் பக்கத்திலேயே வாடகைக்குத் தங்கிவிட்டான். அதிலிருந்து சேரன் விடியும் முன்பே எழுந்து நகருக்குள் ஓடி வருகிறான். அவனுடைய அலுப்பும் சாதாரணமானதில்லை. கரையில் உட்கார்ந்ததும் இருவரும் காலை நீட்டிக்கொண்டார்கள். உட்கார்ந்திருப்பதே சுகமாக இருந்தது.

பரோட்டா கடையில் வாங்கிய மாவில் கொஞ்சம் பஞ்சைச் சேர்த்துப் பிசைந்து, அசோகன் தன் தூண்டில் முள்ளில் செருகினான். பஞ்சு இல்லாவிட்டால் மாவு தண்ணீரில் கரைந்துவிடும்.

"என் முள்ளுலயும் நீயே வெச்சிடு மச்சி. கை நடுங்குது" என்றான் சேரன்.

அசோகன் வைத்துக் கொடுத்தான்.

மடவை மற்ற மீன்கள் மாதிரி லபக்கென்று விழுங்காது. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தொடுவது போலத்தான் தொடும். உதட்டை வைத்து உறிஞ்சும், துப்பும், மறுபடி வரும். அது உறிஞ்சும்போது மேலே மிதக்கும் தக்கை லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பார்த்த உடனே கழியைச் சுண்டினால் மீன். யோசித்தால் வெறும் முள். தக்கையைப் பார்ப்பதில் சேரனை மிஞ்ச அந்தக் குப்பத்திலேயே ஆள் இருந்ததில்லை. உடைந்த ஐஸ் பெட்டியிலிருந்து தெர்மாகோலை வெட்டி, உரசி, உருட்டி, தக்கையைத் தானே செய்துகொள்வான். இன்றைக்கும் அதே வெள்ளைத் தக்கைதான்.

அசோகன் கேள்வியை மனசுக்குள் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தான். ஒன்றும் வாய்க்கு வரவில்லை. அப்போது சேரனின் தக்கை நடுங்கியது. அடுத்த நொடி அடியோடு முங்கியது. "அடிடா" என்று கத்த வாயெடுத்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான். சேரன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. இடது பக்கம் எங்கேயோ, குப்பையோடு மிதந்த ஒரு தெர்மாகோல் துண்டை, காக்கை போலத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சமத்தா நிக்குது பாரு மச்சி. மீனே இல்ல போலகீது" என்றான்.

"எது நிக்குது?"

"என் தக்கதான்."

கழி நேராக நீட்டியிருந்தது. தூண்டில் நரம்பு நேராக இறங்கியிருந்தது. தெர்மாகோல் துண்டு மெல்லச் சுழன்று உள்ளே ஆற்றுப் பாலத்துப் பக்கம் போயிற்று. சேரனின் தலையும் கூடவே திரும்பிப் போயிற்று. முங்கிய தக்கை, மாவைப் பறிகொடுத்து மேலே வந்து ஆடியது.

அசோகனுக்குக் கோபம் வரவில்லை. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இனி பேசித்தான் தீர வேண்டும் என்கிற பெரிய அசதி வந்து தோளில் உட்கார்ந்தது.

"சேரா. உன் தக்க முங்கி எழுந்து ரொம்ப நேரம் ஆச்சுடா. நீ பாத்துகினு கீறது குப்பை."

"போடா, சும்மா கலாய்க்காத."

"கலாய்க்கல."

சேரன் கழியை மடியில் கிடத்தினான். சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தான். துடைத்தால் போகிற விஷயம் இல்லை என்பது அவனுக்கே தெரிந்திருந்தது.

"சுகர் மச்சி. கண்ணுக்குள்ள ரத்தம் கசியுதாம். டாக்டரு ஊசி போட சொன்னாரு, நான் அப்பால வரேன்னு வந்துட்டேன். ஓரத்துல எல்லாம் தெரியுது. நடுவுலதான் ஒரு கறை. இப்ப உன்ன பாத்தா காது ரெண்டும் தெரியுது, மூக்கு தெரியல."

"எத்தினி நாளா?"

"தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்து."

"செண்பகத்துக்கு தெரியுமா?"

"பொண்டாட்டியாண்ட சொன்னா வண்டிய தொட வுடுவாளா? அந்த வண்டிய வுட்டா எனக்கு இன்னாடா கீது? பெரும்பாக்கத்துல எட்டாவது மாடில குந்திகினு எத்த பாக்கறது?"

அசோகன் தன் கழியைக் கீழே வைத்தான். கை சும்மா இருக்க முடியாமல், சேரனின் முள்ளில் மறுபடி மாவை வைத்து, தண்ணீரில் வீசி, கழியை அவன் கையில் கொடுத்தான்.

"நான் பாத்து சொல்றேன். நீ சுண்டு."

வெயில் இறங்கித் தண்ணீர் செம்பு நிறமானது. தக்கை அசையாமல் நின்றது. அப்புறம் ஒரு சின்ன நடுக்கம்.

"வந்துகீது... இரு. துப்பிடுச்சு. இரு... மறுபடி வருது... இப்ப!"

சேரன் சுண்டினான். கழி வில்லாக வளைந்தது. கை அப்படியே அந்தப் பழைய கைதான்; இழுக்க வேண்டிய நேரத்தில் இழுத்து, விட வேண்டிய நேரத்தில் விட்டு, துள்ளத் துள்ள மீனைக் கரைக்குக் கொண்டு வந்துவிட்டான். முழங்கை நீளத்துக்கு ஒரு மடவை. இருவரும் அதன்மேல் விழுந்து பிடித்தார்கள். சேரன் செதிலைத் தடவித் தடவிச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து அசோகன் பார்த்து வெகு நாளாகியிருந்தது. தானும் சேர்ந்து சிரித்தான். கால்வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

சிரிப்பு அடங்குவதற்குள் சேரன் அவன் தோளைப் பிடித்தான்.

"இதே மாதிரி செய்யலாம் மச்சி! காலைல நீயும் வண்டில ஏறிக்கோ. முன்னாடி சீட்ல குந்திகினு சொல்லிகினு வா. வலது, இடது, நில்லுன்னு. கை கால் எனக்கு நல்லாதானே கீது. யாருக்குத் தெரியப்போவுது?"

அசோகனுக்கு ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. சேரனுக்கு வண்டி நிற்கும். தனக்கு உட்கார ஒரு சீட் கிடைக்கும். அப்படி ஆசைப்பட்டதற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"காலைல டயர்ல ஏறுனது கல்லு இல்லடா" என்றான்.

சேரனின் கை தோளிலிருந்து இறங்கியது.

"தண்ணி பாட்டிலு. அத்த எடுக்க ஒரு கொழந்த குனிஞ்சிது. நான் புடிச்சி இஸ்துட்டேன். கொஞ்சம் தள்ளி நின்னிருந்தா என் கைக்கு எட்டியிருக்காது."

"எந்தக் கொழந்த?"

"ரெட்ட ஜட. பக்கத்துத் தெருவுலேர்ந்து நடந்து வருமே. தெனம் உனக்கு டாட்டா காட்டும்."

 மீன் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"இப்பவும் காட்டுதா?"

"தெனம் காட்டுது."

"காட்றதில்லன்னு நெனச்சிகினு இருந்தேன் மச்சி" என்றான் சேரன். "எம்மேல இன்னா கோவமோன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்பிள்ளை அழுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத் தெம்பு வேண்டும். அசோகனிடம் அது மிச்சமில்லை. அவனும் அழுதான். மூக்கைச் சிந்திக் கரையில் துடைத்துக்கொண்டான்.

இருட்டத் தொடங்கியதும் சேரன் சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்தான். கேட்காமலேயே அசோகனின் கையில் வைத்தான்.

"வண்டி இங்கியே நிக்கட்டும். நாளைக்கு வராதுன்னு எல்லா வூட்டுக்கும் போன் போட்டு சொல்லிடறேன். நம்பர மட்டும் நீ அமுத்திக் குடு. மேடத்தாண்டயும் நானே சொல்றேன். நீ கூட நில்லு."

"நிக்கறதுதானே என் வேலை" என்றான் அசோகன்.

சாலைக்கு வந்து நிறுத்தத்தில் நின்றார்கள். பையில் மீன் கனத்தது. அசோகனுக்கு வீடு கூப்பிடு தூரந்தான். இருந்தாலும் பெரும்பாக்கம் வரை கூடப் போய் விட்டுவிட்டு வருவதென்று முடிவு செய்திருந்தான். செண்பகத்தின் முன்னால் சேரன் தனியாக நிற்க வேண்டாம். திரும்பும் பஸ்ஸில் எப்படியும் உட்கார இடம் கிடைக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

தூரத்தில் ஒரு பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. சேரன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். இன்னொரு பக்கம் சாய்த்துப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டான்.

"மச்சி, அது இன்னா நம்பரு?"

எதிரே வருவது என்னவென்று இத்தனை மாதமாக யாரிடமும் கேட்காமல் ஓட்டியவன் அப்படிக் கேட்ட முதல் கேள்வி. அசோகன் நம்பரை உரக்கப் படித்தான். "நம்மளுது இல்லடா" என்றான்.

அடுத்த பஸ் வந்தபோதும் சேரன் கேட்டான். அசோகன் சொன்னான்.